பத்தரைக்கு அறுந்துபோகும் லைன்

8 ஜூலை 2001, ஞாயிறு

கம்ப்யூட்டர் வந்து இறங்கிவிட்டது. ஈரோட்டிலிருந்து ஒருவர் வந்து மூன்று மணி நேரம் மேஜைக்கு அடியில் குனிந்து கிடந்து எல்லாவற்றையும் பூட்டினார். காபி குடித்தார். "ஏதாச்சும்னா சென்னைக்குப் போன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலை செய்யாமல் போனால் எழுதி வைக்க வேண்டுமாம், எந்த நேரம், என்ன ஆனது என்று. உரக்கடைக்காரர் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

வேலை இதுதான். சென்னையில் விவசாயிகளுக்கென்று ஒரு இணையதளம் நடத்துகிறார்கள். எங்கள் ஊர் கோபி பக்கத்து நிலவரம் தினமும் காலை பதினொன்றுக்குள் அதில் வந்தாக வேண்டும். அணையின் நீர்மட்டம், வாய்க்காலில் தண்ணீர், மழையளவு, எந்தப் பயிரில் என்ன பூச்சி. என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து வேளாண்மைத் துறையில் முப்பத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மொபெட்டில் சுற்றிச் சேகரித்துக்கொண்டு வருவார். நான் டைப் அடித்து அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியது இருபத்தெட்டு வருஷம் கழித்து உதவுகிறது.

ஒரு மாதம் பார்ப்பார்களாம். ஒழுங்காக அனுப்பினால் கோபி வேலை எங்களுக்கு. இல்லாவிட்டால் சத்தியமங்கலத்தில் ஒருவர் தயாராக இருக்கிறாராம். இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

மோடம் என்பது சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான். போன் ஒயர் அதற்குள் போய்த்தான் கம்ப்யூட்டருக்கு வருகிறது. இணைப்புக் கிடைக்கும்போது கோழியைப் பிடிக்கிற மாதிரி ஒரு கூச்சல் போடுகிறது. கிடைத்த பிறகு மூச்சுவிடுவதில்லை, பச்சை விளக்கு மட்டும் எரிகிறது.

9 ஜூலை, திங்கள்

முதல் நாள். 10.18க்கு இணைப்புக் கிடைத்தது. பாதி அனுப்பியிருப்பேன், 10.31க்கு அறுந்துவிட்டது. திரும்ப டயல் செய்து, கூச்சல் கேட்டு, விட்ட இடத்திலிருந்து இல்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்து, போய்ச் சேரும்போது மணி 10.56. எனக்கு வியர்த்துவிட்டது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "போயிருச்சா, போயிருச்சா" என்று ஏழெட்டுத் தடவை கேட்டார்.

பூரணியின் மணி இன்றைக்கு அடிக்கவில்லை.

அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் படிக்கும்போது எனக்கே புரியாது. பூரணி எங்கள் ஒரே மகள். போன வருஷம் மே மாதம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, முதல் பத்திரிகையைக் குலதெய்வம் கோயிலில் வைத்துவிட்டு வந்த பிறகு, "இவர் எனக்கு வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டால், "பேசிப் பாத்தேன், ஒத்து வராது" என்பதுதான் பதில். கொடுத்து முடித்திருந்த நூற்றிருபது பத்திரிகைக்கும் வீடு வீடாகப் போய்த் தலை குனிந்து நின்றவர் என் வீட்டுக்காரர். வந்து, "இனி இந்த வீட்டுக்கு அவ போன் பண்ணிப் பேசக் கூடாது" என்று ஒரே வார்த்தை சொன்னார். அவள் நாக்பூரில் ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பஸ் ஏறும்போது என்னிடம் சொன்னாள்: "பேசக் கூடாதுன்னுதானம்மா சொன்னாரு, மணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே. ஆபீஸ்ல இருந்து தெனமும் பத்தரைக்கு ரெண்டு மணி அடிச்சுட்டு வெச்சர்றேன். நீ எடுக்காதே. ரெண்டு அடிச்சா நா நல்லா இருக்கறேன்னு அர்த்தம்."

பதிமூன்று மாதமாக, ஞாயிறு தவிர, பத்தரைக்கு இரண்டு மணி. அடித்து நின்றதும் இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ராங் நம்பர்" என்பார். தினமும் அதே நேரத்துக்கு எந்த ராங் நம்பர் வரும் என்று நான் கேட்டதில்லை.

இன்றைக்கு அந்த நேரத்தில் லைன் நெட்டில் இருந்தது. எங்கேஜ் சத்தம் கேட்டிருக்கும். அப்படியானால் விடமாட்டாள், திரும்ப அடிப்பாள். மார்கழியில் என் அண்ணியோடு நான் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வைத்த அடுத்த நிமிஷம் அடித்தவள்தான். ஒரு மணி வரை போன் பக்கத்திலேயே வெங்காயம் உரித்தேன். அடிக்கவில்லை.

10 ஜூலை, செவ்வாய்

10.30க்கு அறுந்தது. பூரணியின் மணி இல்லை, பதினொன்றுக்கு மேலும் இல்லை.

11 ஜூலை, புதன்

10.32. சென்னைக்குப் போன் செய்தேன். ஷர்மிளா என்று ஒரு பெண், மோடம் கோளாறுகளைப் பார்ப்பவள். மரியாதையாகப் பேசுகிறாள்.

"மேடம், மோடம் பக்கத்துல ஃபிரிட்ஜ், மிக்ஸி ஏதாவது இருக்கா?"

"ஃபிரிட்ஜ் இருக்குதுங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம்."

"அதைத் தள்ளி வெச்சுப் பாருங்க மேடம். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது லைன்ல இரைச்சல் வரும்."

சாயங்காலம் நாங்கள் இருவருமாக ஃபிரிட்ஜை நகர்த்தினோம். அது இப்போது கூடத்தில் சாமி படத்துக்குக் கீழே நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் புதிதாக வாங்கியதா என்று கேட்கப்போகிறார்கள்.

12 ஜூலை, வியாழன்

10.31. ஃபிரிட்ஜ் மேல் தப்பில்லை. கூடத்திலேயே இருக்கட்டும், திரும்பத் தள்ளத் தெம்பில்லை.

14 ஜூலை, சனி

நேற்று இரண்டு தடவை அறுந்தது, 10.30க்கும் 10.41க்கும். நிலவரம் போய்ச் சேரும்போது பதினொன்று ஐந்து. முதல் தாமதம். ஷர்மிளா "பரவாயில்ல மேடம்" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் பரவாயில்லை என்று தோன்றவில்லை. இன்றைக்கு 10.33, ஒரு தடவைதான்.

இவருக்குப் போனில் திடீரென்று அக்கறை வந்திருக்கிறது. ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்க்கிறார். மணிச் சத்தத்தை அடியிலிருக்கும் சக்கரத்தைத் திருப்பிக் கூட்டிவைத்தார்.

"நெட்டுல இருக்கறப்ப யாராச்சும் கூப்பிட்டா நமக்கு ஒண்ணும் கேக்காதா?" என்று கேட்டார்.

"எப்படிங்க கேக்கும்? கூப்படறவங்களுக்கு எங்கேஜ்னு வரும்."

"ஒரு சத்தமும் வராதா?"

"வராதுங்க."

என்னை நம்பாதவர் மாதிரி மோடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மனிதருக்கு வயதாகிறது.

16 ஜூலை, திங்கள்

10.30. அண்ணி சந்தைக்கு வந்தவள் வீட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டாளாம், நாலு தடவை மணி அடித்தும் எடுக்கவில்லையாம். "அப்ப நாங்க நெட்டுல இருந்தோம், எங்கேஜ்னுதான் வந்திருக்கும். நீ வேற யாருக்கோ அடிச்சிருப்பே" என்றேன். அவளுக்குக் கோபம். கண்ணாடி போடாமல் நம்பர் சுற்றுகிறவளுக்கு என்ன கோபம்.

18 ஜூலை, புதன்

10.31. லைன்மேன் ஆறுச்சாமி வந்தார். ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர் ஊஞ்சல் ஆடுகிறது என்றும், ஜாயின்ட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது என்றும் சொல்லி, ஏணி போட்டு ஏறி, புதிதாக முறுக்கிக் கட்டினார். "இனி ஒண்ணும் ஆகாதுங்கக்கா" என்றார்.

பூரணிக்கு இந்த மாதம் மூன்றாம் தேதி ஒரு கடிதம் எழுதினேன். எட்டு அல்லது ஒன்பதாம் தேதி கிடைத்திருக்கும். அதில் நான் எழுதியதெல்லாம் அவள் நல்லதுக்குத்தான்.

19 ஜூலை, வியாழன்

10.30. ஆறுச்சாமி ஏணியோடு வந்ததுதான் மிச்சம்.

21 ஜூலை, சனி

10.32. எங்கள் தெருவில் குடியிருக்கும் லாரி டிரைவர் மாரப்பன் நாக்பூருக்கு மஞ்சள் லோடு கொண்டுபோனார். அவரிடம் பருப்புப்பொடியும் நிலக்கடலை உருண்டையும் கொடுத்து அனுப்பியிருந்தேன். இன்றைக்குத் திரும்பி வந்தார்.

"நெம்ப நல்லா இருக்கறாங்கக்கா. சிரிச்சுப் பேசுனாங்க. டீ வாங்கிக் குடுத்தாங்க."

"என்கிட்ட ஏதாச்சும் சொல்லச் சொன்னாளா?"

"கேட்டேனுங்க. தனியாச் சொல்ல ஒண்ணுமில்லீங்கண்ணான்னாங்க."

சரி. சுகமாக இருக்கிறாள், சிரிக்கிறாள், வேலைக்குப் போகிறாள். அந்த அளவுக்கு நிம்மதி. என்னிடம் சொல்லத்தான் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு நாளாக மணியும் இல்லை. ஆய்வுக்கூடத்து நம்பர் என்னிடம் இருக்கிறது. அவசரத்துக்கு மட்டும் என்று கொடுத்தாள். சிரித்துக்கொண்டு இருக்கிறவளைக் கூப்பிட என்ன அவசரம்? நான் கூப்பிடப்போவதில்லை.

இவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மாரப்பன் பேசும்போது மட்டும் மொபெட்டைத் துடைக்கிற சாக்கில் வாசலிலேயே இருந்தார். வயிறு சரியில்லையா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

24 ஜூலை, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு வாரத்துக் குறிப்பையும் எடுத்து ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 10.31, 10.30, 10.32, 10.31, 10.30, 10.33, 10.30... எல்லாம் பத்தரையை ஒட்டியே வருகிறது. காற்றுக்கும் களிம்புக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியாது. பத்தரைக்கு இந்தத் தெருவில் நடப்பது ஒன்றே ஒன்று. எதிர்வரிசையில் சென்னியப்பண்ணன் மாவு மில்லுக்கு சுவிட்ச் போடுவது. சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, பத்தரைக்குத்தான் அவர் மோட்டாரைத் தொடுவார். அது கிளம்பும்போது எங்கள் வீட்டு டியூப்லைட் ஒரு தடவை கண் சிமிட்டும். மோடம் மட்டும் தாங்குமா?

இவரிடம் தாளைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாம் பத்தரைக்கா?" என்று கேட்டார். "மில்லாத்தான் இருக்கும்" என்று நான் சொன்னதும் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பாராட்டுகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

26 ஜூலை, வியாழன்

10.31. மில்லுக்குப் போனேன். சென்னியப்பண்ணன் மிளகாய்ப் பொடிக்கு நடுவில் நின்றுகொண்டு நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"அம்மிணி, என்ற மில்லு மெட்ராசு வரைக்கும் போற லைனை அறுக்குதா?"

"நம்ம தெருவுல அறுக்குதுங்கண்ணா. அப்பறம் மெட்ராசு எங்க போறது?"

சிரித்துவிட்டார். நாளைக்கும் மறுநாளும் பெல்ட் மாற்றுவதற்காக மில் லீவாம். அந்த இரண்டு நாளும் அறாமல் இருந்தால் தன்மேல்தான் தப்பு என்று ஒத்துக்கொண்டு, திங்கள் முதல் பதினொன்றுக்கு மேல் போடுவதாகச் சொன்னார். நியாயமான மனிதர்.

27 ஜூலை, வெள்ளி

அறவில்லை! 10.12 முதல் 10.50 வரை பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. வேலை முடிந்த பிறகும் இணைப்பைத் துண்டிக்க மனசில்லாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

28 ஜூலை, சனி

இன்றைக்கும் அறவில்லை. ரவை கேசரி கிண்டினேன். ஒரு கிண்ணம் மில்லுக்குக் கொடுத்தனுப்பினேன். ஷர்மிளாவிடம் சொன்னபோது, "சூப்பர் மேடம், நீங்களே இன்ஜினியர் ஆயிட்டீங்க" என்றாள். இவரும் கேசரி சாப்பிட்டார், இரண்டு கரண்டி.

ஆனால் சந்தோஷம் பாதிதான். லைன் சரியானால் மணி வரும் என்று எனக்குள் எதுவோ நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? பதினொன்றுக்கு மேல் லைன் எப்போதும் சும்மாதானே கிடக்கிறது.

30 ஜூலை, திங்கள்

மில் ஓடவில்லை. சென்னியப்பண்ணன் சொன்ன சொல் தவறாமல் வாசலில் உட்கார்ந்து எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 10.30க்கு அறுந்தது.

31 ஜூலை, செவ்வாய்

10.31. மில்லுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்கம்மிணி, கேசரி நல்லா இருந்துச்சு" என்றார். அவமானம்.

2 ஆகஸ்ட், வியாழன்

10.32. ஷர்மிளா இன்றைக்கு வேறு குரலில் பேசினாள். இதுவரை மூன்று தாமதம். எட்டாம் தேதியோடு ஒரு மாதம் முடிகிறது. "சத்தியமங்கலத்துல லைன் நல்லா இருக்காம் மேடம். மேல கேக்கறாங்க." மோடத்தின் வேகத்தைக் குறைக்கிற முறை ஒன்று சொல்லிக் கொடுத்தாள். செய்தேன். மெதுவாக வந்து, அதே நேரத்துக்கு அறுகிறது.

மோடம் போனால் போகிறது. இன்றைக்கு உண்மையை எழுதிவிடுகிறேன், இந்த டைரியை யார் படிக்கப்போகிறார்கள்.

அந்தக் கடிதத்தில் காங்கேயம் பக்கத்து ஒரு வரனைப் பற்றி எழுதினேன். நல்ல இடம். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில், "இதற்கும் நீ வேண்டாம் என்றால் எனக்குப் பதில் எழுத வேண்டாம். அந்த இரண்டு மணியும் அடிக்க வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் சலித்துவிட்டது" என்று எழுதினேன். சலிக்கவில்லை. ஒரு நாளும் சலித்ததில்லை. பயமுறுத்தினால் வழிக்கு வருவாள் என்று நினைத்தேன். கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மணி நின்றுவிட்டது. அவர் வாயால் பேச்சை நிறுத்தினார், நான் பேனாவால் மணியை நிறுத்திவிட்டேன். இவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

4 ஆகஸ்ட், சனி

10.30. இவர் மதியம் அரைச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறார்.

6 ஆகஸ்ட், திங்கள்

10.31. நாளைக்கு நானே தொலைபேசி நிலையத்துக்குப் போகப்போகிறேன். கையில் தாளோடு.

7 ஆகஸ்ட், செவ்வாய்

என்னென்னவோ நடந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் 10.30க்கு அறுந்தது. எப்படியோ 10.52க்கு அனுப்பி முடித்தேன். இவர் குளிக்கப் போன நேரத்தில் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு தொலைபேசி நிலையத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா என் வயதுக்காரர். தாளை வாங்கி, மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தார். பிறகு எங்கள் நம்பரைக் கேட்டு ஒரு பதிவேட்டைப் பிரித்தார்.

"ஏனுங், உங்க லைன்ல கால் வெயிட்டிங் போட்டிருக்குதுங்களே."

"அப்படின்னா?"

"நீங்க ஒருத்தர்கிட்டப் பேசிட்டு இருக்கறப்ப இன்னொருத்தர் கூப்பிட்டா, உங்க காதுல பீப்புனு ஒரு சத்தம் வரும். கூப்படறவங்களுக்கு எங்கேஜ் வராது. எப்பவும்போல மணி அடிக்கற சத்தந்தான் கேக்கும். பேசறதுக்கு அது வசதி. நெட்டுக்கு ஆகாது. அந்த பீப் வந்தா மோடம் கொழம்பி அறுந்துரும்."

அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க மோடம், ஒயர் எதுலயும் தப்பு இல்லீங்க. தெனமும் பத்தரைக்கு யாரோ உங்களைக் கூப்படறாங்க."

அங்கே ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். இருபத்து நாலு தடவை. என் கையாலேயே நேரம் குறித்து, நேர் கோடு போட்டு, இருபத்து நாலு தடவை எழுதிவைத்திருக்கிறேன். அத்தனை தடவையும் அவள் நாக்பூரிலிருந்து இரண்டு மணி அடித்திருக்கிறாள். அவள் காதில் இரண்டும் முழுசாகக் கேட்டிருக்கிறது. அம்மா கேட்டுவிட்டாள் என்று வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறாள். அப்புறம் பதினொன்றுக்கு மேல் எதற்காகத் திரும்ப அடிப்பாள்? மாரப்பனிடம் தனியாகச் சொல்ல என்ன இருக்கும்? நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், சிரிப்பும் வந்தது. புகார் கொடுக்க வந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கொஞ்சம் தெளிந்த பிறகுதான் கேட்டேன். "நாங்க இதெல்லாம் கேக்கவே இல்லீங்களே. தானா வந்துருமா?"

"தானா வராதுங்க. எழுதிக் குடுத்தாத்தான்." ஒரு கோப்பைப் புரட்டி மனுவை எடுத்துக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் கையெழுத்துத்தான். தேதி ஜூலை ஆறு, கம்ப்யூட்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால். அரசாங்கத்துக்கு எழுதி எழுதிப் பழகிய நடை. "எங்கள் இல்லத்தில் இணையப் பயன்பாடு தொடங்க இருப்பதால், காலை பத்து மணி முதல் பதினொரு மணி வரை வெளியூரிலிருந்து வரும் முக்கியமான ஓர் அழைப்பு தவறிவிடாமல் இருக்கும் பொருட்டு, மேற்படி வசதியை அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." கீழே நாச்சிமுத்து.

முக்கியமான ஓர் அழைப்பு. பதிமூன்று மாதமாக ராங் நம்பர் என்று சொல்லிவந்த மனிதர் எழுதியது. ஒரு மாதமாக ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு பீப் சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றிருக்கிறார். நான் வயதாகிறது என்று எழுதியிருக்கிறேன்.

"எடுத்துரலாமுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வேண்டாமுங்க. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

எதிரில் எஸ்.டி.டி. பூத். நம்பர் மனப்பாடம். அவளே எடுத்தாள்.

"பூரணி, அம்மா பேசறேன்."

"அய்யோ, என்னாச்சும்மா? அப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லா இருக்கறோம். நீ தெனமும் மணி அடிச்சயா?"

"இதென்ன கேள்வி? இன்னைக்குக்கூட அடிச்சனே. உனக்குக் கேக்கலையா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நான் தாளைப் பார்த்து, "இருவத்தேழு, இருவத்தெட்டு, ரெண்டு நாள் மட்டும் அறலையே, அன்னைக்கு?" என்றேன்.

"காய்ச்சல்மா. நூத்தி ரெண்டு. ஆபீஸ் போகலை. நீ பதறிட்டு இருப்பேன்னு படுத்துட்டே நெனைச்சுட்டு இருந்தேன்."

நான் கேசரி கிண்டிய நாள். அதை அவளிடம் சொல்லவில்லை.

"என்ற லெட்டர் வந்துச்சா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"வந்துச்சு. படிச்சேன். மணி அடிக்க வேண்டாம்னு எழுதியிருந்தே."

"அப்பறம்?"

"அதனாலதான் ஒரு நாள்கூட உடக் கூடாதுன்னு அடிச்சேன்." சிரித்தாள். "காங்கேயத்துக்காரருக்கு வேற பொண்ணு பாக்கச் சொல்லு."

பார்க்கச் சொல்கிறேன். யாருக்கு வேண்டும் காங்கேயம்.

வீட்டுக்கு வந்தேன். மனுவைப் பார்த்ததைச் சொல்லக் கூடாது என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவர் எனக்குத் தெரியாமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், அது அவருடையதாகவே இருக்கட்டும். சாப்பாடு போடும்போது பொதுவாகச் சொன்னேன்.

"நெட்டுல இருக்கறப்ப யாராச்சும் கூப்பிட்டா மோடம் அறுந்துருமாம். ஆபீஸ்ல சொன்னாங்க. பூரணி ஒரு நாளும் உடாம அடிச்சுட்டுத்தான் இருந்திருக்கறா. காய்ச்சல்னு ரெண்டு நாள் மட்டும் அடிக்கலையாம்."

அவர் கை சோற்றில் நின்றது. "அதை எதுக்கு எங்கிட்டச் சொல்றே?" என்றார். பிறகு ரசத்துக்கும் சோறு போடச் சொன்னார். மோருக்கும் போடச் சொன்னார். கை கழுவிவிட்டு வந்து, "நாளையில இருந்து நா முக்கால் மணி நேரம் முன்னாலயே கெளம்பறேன். நெலவரத்தைப் பத்தேகாலுக்குள்ள அனுப்பிச்சுட்டு லைனை உட்டரலாம்" என்றார்.

"எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"மோடம் அறாது பாரு, அதுக்குத்தான்."

8 ஆகஸ்ட், புதன்

ஆறேகாலுக்கே கிளம்பிப் போனார். ஒன்பதரைக்குத் தாள்களோடு வந்துவிட்டார். 9.52க்கு இணைப்பு, 10.11க்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு தடவைகூட அறவில்லை. ஷர்மிளா கூப்பிட்டாள். தினமும் இப்படி அனுப்பினால் கோபி எங்களுக்கே என்று மேலே சொல்லிவிட்டார்களாம். நல்லது என்று வைத்தேன். எனக்கு லைன் சும்மா இருக்க வேண்டியிருந்தது.

10.20க்கு அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து போன் பக்கத்தில் நின்றார். உட்காருங்களேன் என்றேன். உட்காரவில்லை. நான் சமையல் கட்டுக்குப் போய் உலை வைக்கிற மாதிரி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன்.

10.30க்கு மணி அடித்தது. அவர் கூட்டிவைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஒரு மாதம் கழித்து அதைக் கேட்கிறேன். ராங் நம்பர் என்று சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். முதல் மணி முடிந்தது. இரண்டாவது ஆரம்பித்ததும் ரிசீவரை எடுத்துவிட்டார்.

யாரும் எடுக்காத போனை ஒருவர் எடுத்தால் அவள் என்ன செய்வாள் பாவம். அப்புறம், "அம்மா?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

"அம்மா இல்ல. நாந்தான்" என்றார். "காய்ச்சல் சுத்தமா உட்டுருச்சா?"

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவர் காலாலேயே நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.